விண்மீன்களின் இறுதியைக் கணித்த சந்திரசேகர்

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழுந்து நீராடிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கம் நம்மூர்களில் இன்றும் உண்டு. சங்கொலியும் சேமக்கலத்தின் ஓசையும் ஒழுங்கைகளிற் கேட்கும் அவ்வேளையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. பார்ப்போமாயின், மேற்கே சாய்ந்துகொண்டிருக்கும் திருவாதிரையைக் காணலாம். அதற்கும் கீழே அடிவானத்தை அண்மித்து நிற்பது ரோகிணி. தெற்குப் பக்கமாய்ச் சற்று உயரத்தில் வெண்ணிறமாய்ச் சுடர்விடுவது, வடமொழி நூல்கள் மிருகவியாதன் என்று பெயரிட்ட நட்சத்திரம். மேனாட்டார் அதனைச் சிரியஸ் என்பர். கிழக்கே மேலெழுந்து நிற்பது சுவாதி.

இந்நட்சத்திரங்களைக் கொண்டு நாள் பார்க்கிறோம், பெயர் வைக்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம். ஆனால் அவற்றுக்கும் பிறப்பும் இளமையும் மூப்பும் மரணமும் உண்டென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரோகிணி மூப்படைந்த நட்சத்திரம். அதன் திணிவு நமது சூரியனின் திணிவிலும் சிறிதே கூடியது. ஆயினும் அதன் விட்டம் சூரியனது விட்டத்தைப்போல் நாற்பது மடங்குக்கும் மேற்பட்டது. சுவாதியும் அத்தகையதே, அது சூரியனிலும் ஏறக்குறைய 25 மடங்கு பருத்திருக்கிறது. மிருகவியாதனுக்கு அருகே வெறுங்கண்ணுக்குத் தெரியாத துணையொன்றுண்டு. அது எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எச்சம்.

இவ்வாறு முதுமையடையும் நட்சத்திரங்கள் ஈற்றில் என்னாகும்? எவ்வளவு திணிவுள்ளது அமைதியாய் அடங்கும்? எது அடங்க மாட்டாது? இக்கேள்விக்கு விடையாகிய எல்லைக் கணக்கைப் பத்தொன்பது வயதிற் கப்பலில் இருந்தவாறு போடத் தொடங்கியவர் ஒரு தமிழ் இளைஞர். அவரே பேராசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். பிறைசூடிய பெருமானின் திருநாமத்தைப் பெயராகக் கொண்ட அவருடைய வாழ்க்கையை, நமது சங்கத்து இளைஞரும் பெரியோரும் ஒருங்கே அறிந்துகொள்ளல் நன்றென்று கருதி இங்கே சுருக்கமாக எழுதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதி லாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இந்திய அரசாங்கத்தின் கணக்குப் பரிசோதனைப் பகுதியில் உத்தியோகம் வகித்தவர். உத்தியோகத்தின் நிமித்தமே லாகூரில் வாழ்ந்தார். தாயார் சீதாலட்சுமி அம்மையார் நுண்ணறிவும் தமிழார்வமும் மிக்கவர். இப்சன் என்னும் நோர்வே நாடகாசிரியரின் நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளுள் மூன்றாவதாகவும் ஆண்மக்களுள் மூத்தவராகவும் பிறந்தவர் நம் சந்திரசேகர். தந்தையாரின் தம்பியே, ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன்.

சந்திரசேகர் பிறந்த அதே ஆண்டில் ஹலியின் வால்வெள்ளி வானிலே தோன்றியது. நமது நாட்டில் அதனை ஆராய்ந்து பெயர்பெற்றவர், காரைநகரிற் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய அலன் ஆபிரகாம் அவர்கள். இலண்டன் றோயல் வானசாஸ்திர சங்கத்தில் அங்கத்துவம் பெற்றவர் அவர். அதற்கு முன்னரே, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானசாஸ்திரம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. ஆகவே வானத்தைக் கணக்கினால் அளக்கும் முயற்சி நம் மண்ணுக்குப் புதியதன்று. அந்த இலண்டன் சங்கத்தைப் பின்னரும் குறிப்பிட நேரும். வாசகர்கள் அதனை நினைவில் வைத்திருப்பாராக.

1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பாடங்கேட்ட சந்திரசேகர், 1922இல் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தார். 1925இற் பிரசிடென்சிக் கல்லூரிக்குச் சென்றார். கணிதத்திலேயே அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. எனினும் தந்தையாரின் விருப்பத்தை மதித்துப் பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார். கணித வகுப்புகளுக்குத் தாமாகவே சென்று கேட்டுத் தம் ஆவலையும் தணித்துக்கொண்டார்.

1928இல் ஜெர்மனியப் பேரறிஞர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். பதினெட்டு வயதை எட்டும் நிலையிலிருந்த நம் மாணவர் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று நேரிற் கண்டார். அவர் கற்றிருந்த பௌதிகம் பழையதாகிவிட்டது என்பதைச் சொமர்பெல்ட் எடுத்துரைத்து, உலோகங்களில் இலத்திரன்கள் இயங்கும் முறைபற்றித் தாம் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப் படியையும் கொடுத்துதவினார். வேறொருவராயின் மனமொடிந்து போயிருத்தல் கூடும். சந்திரசேகரோ அதனை வாசித்து விளங்கி, அப்புதிய முறையைத் தழுவித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் றால்ப் பவுலர் மூலமாக அது இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் 1929இல் வெளிவந்தது. அப்பொழுது அவர் பட்டப் படிப்பையும் முடித்தாரில்லை.

1930இல் மேற்படிப்புக்காக அரசாங்கப் புலமைப் பரிசில் கிடைத்தது. ஆனால் தாயார் கடும் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். போவதா, நிற்பதா என்று மகன் மயங்கினார். போகவே வேண்டும் என்று வற்புறுத்தியவர் தாயாரே. அந்த ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பம்பாயிற் கப்பலேறிய மகன், தாயாரை மீண்டும் காணும் பாக்கியம் பெறவில்லை. 1931 மே மாதத்தில் அவ்வம்மையார் காலமானார். கடல்கடந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் நிறைந்த இந்தக் குடாநாட்டில் இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

கப்பலிற் பிறந்த கணக்கு

கப்பலிலே சந்திரசேகர் செய்த கணக்கை விளங்கிக்கொள்வதற்கு, ஒரு நட்சத்திரம் எவ்வாறு வாழ்ந்து எவ்வாறு மூப்படைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இன்று நாம் அறிந்த அளவில் அதனைக் கூறுவோம்.

நட்சத்திரத்தின் வாழ்வு இருவகை விசைகளுக்கிடையே நடைபெறும் ஓயாப் போராட்டம். ஈர்ப்பு அதனை உள்ளே அழுத்துகிறது. நடுவில் உண்டாகும் வெப்பத்தின் அமுக்கம் வெளியே தள்ளுகிறது. நமது சூரியனின் நடுவில் ஐதரசன் ஈலியமாக மாறுவதனால் அந்த வெப்பம் பிறக்கிறது. ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகளாக இது நடைபெறுகிறது; இன்னும் 500 கோடி ஆண்டளவு நடைபெறும். நடுவிலுள்ள ஐதரசன் தீர்ந்தவுடன் நடுப்பகுதி சுருங்கி மேலும் வெப்பமேறும். அதனைச் சூழ்ந்த ஓட்டில் ஐதரசன் எரியத் தொடங்கும். அப்பொழுது நட்சத்திரத்தின் மேற்பகுதி பன்மடங்கு விரிந்து, குளிர்ந்து, செந்நிறமடையும். இந்நிலையிலுள்ளதைச் செவ்வரக்கன் என்பர். ரோகிணியும் சுவாதியும் இப்பருவத்தை அடைந்தவை.

பின்னர் நடுவின் வெப்பம் 10 கோடி பாகையளவை எட்டும்போது ஈலியம் காபனாகவும் ஒட்சிசனாகவும் மாறும். அதுவும் தீர்ந்தபின் நட்சத்திரம் மறுபடியும், முன்னிலும் பெரிதாக விரியும். உள்ளே ஈலிய ஓடும் ஐதரசன் ஓடும் மாறி மாறி எரிய, அது துடிக்கத் தொடங்கும். தன் மேற்பகுதியைச் சிறிது சிறிதாக வானவெளியில் வீசிவிடும். வீசப்பட்டவை ஒளிரும் புகைப்படலமாகச் சில ஆயிரம் ஆண்டுகள் காட்சிதந்து கலைந்துபோகும். நடுவிலே எஞ்சுவது காபனும் ஒட்சிசனும் செறிந்த சிறு கோளம். அதுவே வெண்குள்ளன். சூரியனும் இவ்வாறே முடியும். தன் திணிவிற் பாதியளவை இழந்து, மற்றைப் பாதியைப் பூமியளவான உருண்டையில் அடக்கிக்கொள்ளும்.

மிருகவியாதனின் துணை இத்தகைய வெண்குள்ளனே. அப்படியொரு துணை இருத்தல் வேண்டுமென 1844இற் பெஸல் என்னும் அறிஞர் ஊகித்தார். 1862இல் அமெரிக்கரான கிளாக் தொலைநோக்கியிற் கண்டார். அதன் திணிவு சூரியனை ஒத்தது. உருவமோ பூமியிலும் சற்றுச் சிறிது. அப்பொருளில் ஒரு தேக்கரண்டியளவு எடுக்கக் கூடுமாயின் அது பல தொன் நிறையிருக்கும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. வெண்குள்ளனுள் எரிதல் நின்றுவிட்டது. அவ்வாறாயின் ஈர்ப்பின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது எது? 1926இல் றால்ப் பவுலர் இதற்கு விடை கூறினார். இரண்டு இலத்திரன்கள் ஒரே நிலையில் இருத்தல் இயலாது என்பது இயற்கையின் விதி. மண்டபமொன்றில் ஓர் ஆசனத்தில் ஒருவரே இருக்கலாம் என்று கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ்ப்படிகள் நிறைந்துவிட்டால் வருபவர் மேற்படிகளுக்கே ஏறுதல் வேண்டும். அவ்வாறே நெருக்குண்ட இலத்திரன்களிற் குறைந்த வேகமுள்ள நிலைகள் நிறைந்துவிட, ஏனையவை வேகங்கூடிய நிலைகளை நாடுகின்றன. அவ்வேகத்தின் அமுக்கமே வெண்குள்ளனைத் தாங்குகிறது. வெப்பம் முழுதும் ஆறினாலும் அத்தாங்குதல் ஆறாது. ஆகவே எல்லா நட்சத்திரங்களும் ஈற்றில் வெண்குள்ளனாகி அமைதியடையும் என அறிஞர் நிம்மதி கொண்டனர்.

கப்பற் பயணத்தின் முதல் நாட்களிற் கடல் கொந்தளித்தது. ஏடன் துறையைக் கடந்து கடல் அடங்கியபின் சந்திரசேகர் இதனைச் சிந்திக்கத் தொடங்கினார். கல்லூரியிற் கட்டுரைப் போட்டியொன்றில் அவருக்குப் பரிசாகக் கிடைத்திருந்த நூல், நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆதர் எடிங்டன் எழுதியது. அதனையும் பவுலரின் ஆராய்ச்சியையும் நன்கு கற்றிருந்த அவருக்கு ஒரு கேள்வி உதித்தது. வெண்குள்ளனின் நடுவில் இலத்திரன்களின் வேகம் எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தால் அது ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அங்ஙனமாயின் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதியையும் சேர்த்தல்லவா கணக்குப் போடுதல் வேண்டும்? ஒளியின் வேகத்திற்கு மேற் செல்லுதல் எதற்கும் இயலாது. மண்டபத்தின் படிகளுக்கும் ஓர் உச்சியுண்டு என்பதே இதன் பொருள்.

கணக்கின் முடிவு அவரையே திகைக்கச் செய்தது. திணிவு கூடக்கூட வெண்குள்ளனின் உருவம் சிறுக்கிறது. ஒரு குறித்த திணிவை எட்டும்போது தாங்கும் விசை ஈர்ப்பிடம் தோற்றுப்போகிறது. அதற்கு மேற்பட்டது வெண்குள்ளனாக நிலைபெற முடியாது. 1931இல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரையில் இவ்வெல்லை சூரியனின் திணிவில் 0.91 பங்காக இருந்தது. பொருளின் அமைப்பைச் சரியாகக் கொண்டு கணிக்கும்போது அது ஏறக்குறைய 1.44 மடங்காகும். இதுவே இன்று உலகெங்கும் சந்திரசேகர் எல்லை என வழங்கப்படுவது. இவரை ஒத்த காலத்தில் தார்த்துவைச் சேர்ந்த அன்டர்சனும் லீட்ஸைச் சேர்ந்த ஸ்டோனரும் வேறு வழிகளில் இத்தகைய எல்லையைத் தொட்டனர் என்பதையும் நேர்மையின் பொருட்டுக் கூறுதல் வேண்டும். ஆயினும் நட்சத்திரத்தின் முழு அமைப்பையும் கொண்டு அதனை நிறுவி, அதன் பொருளை உலகத்தின் முன் வைத்து, அதற்காகத் துன்பமும் ஏற்றவர் சந்திரசேகரே.

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜில் 1933இற் கலாநிதிப் பட்டம் பெற்ற சந்திரசேகர், அதே ஆண்டில் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவுசெய்யப்பட்டார். கணித மேதை இராமானுஜனுக்குப் பின் அப்பேறு பெற்ற இந்தியர் இவரே. பின்னர் தமது எல்லையை ஐயத்திற்கு இடமின்றி நிறுவும் நோக்கத்துடன் பலவகை வெண்குள்ளன்களுக்கும் விரிவான கணக்குகளைச் செய்யத் தொடங்கினார்.

அக்காலத்தில் அவருடைய அறைக்கு அடிக்கடி வந்து வேலை எவ்வளவில் நிற்கிறது என்று விசாரித்தவர் எடிங்டன். எடிங்டனை எளிதில் எடைபோட்டுவிடல் ஆகாது. அவர் அக்கால வானவியலின் முடிசூடா மன்னர். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஆபிரிக்கக் கரையோரத் தீவொன்றுக்குச் சென்று, ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கையை உலகறியச் செய்தவர். கிறித்தவ சமயத்து நண்பர் சபையைச் சேர்ந்த பக்திமான். முதலாம் உலக யுத்தத்திலே கொலைத்தொழிலில் ஈடுபட மனச்சாட்சி இடங்கொடாது என மறுத்தவர். சந்திரசேகருக்குக் கணிக்கும் இயந்திரம் கிடைக்க உதவியவரும் அவரே.

1935 ஜனவரி 11ஆம் திகதி இலண்டனில் றோயல் வானசாஸ்திர சங்கத்தின் கூட்டம் நடைபெற்றது. சந்திரசேகர் தமது முடிவை எடுத்துரைத்தார். அவருக்கு அப்பொழுது வயது 24. அவருக்கு அடுத்தபடியாக, அதே பொருள்பற்றிப் பேச எடிங்டன் எழுந்தார். தாம் என்ன பேசப்போகிறார் என்பதை, மாதக்கணக்காக அறைக்கு வந்துபோன அப்பெரியார் ஒருநாளேனும் வாய்திறந்து கூறியதில்லை. அன்று சபையில் அவர் இளைஞரின் கணக்கு முழுவதற்கும் அடிப்படையே பிழை என்றார். எல்லையை மீறிய நட்சத்திரம் ஒளிகூட வெளியேற இயலாத அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் என்பது சந்திரசேகரின் கணக்கால் வருமென்பதை எடிங்டனே எடுத்துக் காட்டி, இயற்கை அத்தகைய அபத்தத்திற்கு இடந்தராது என நகைச்சுவை ததும்பப் பேசினார். சபை நகைத்தது. இளைஞருக்கு மறுமொழி கூறச் சந்தர்ப்பமும் அளிக்கப்படவில்லை. கூட்டம் கலைந்தபின் பலர் அருகே வந்து அனுதாபம் தெரிவித்துச் சென்றனர்.

கணக்கிற் பிழை காட்டியிருந்தால் அதனைத் திருத்தலாம். எடிங்டன் காட்டியதோ கணக்கின் பிழையன்று. முடிவின்மேல் தமக்கிருந்த வெறுப்பு. சந்திரசேகர் கொப்பன்ஹேகனிலுள்ள நண்பர் றோசன்பெல்டுக்கு எழுதினார். றோசன்பெல்டும் பேரறிஞர் போரும் ஆராய்ந்து எடிங்டனே தவறினார் என்றனர். பௌலி என்னும் அறிஞரும் அவ்வாறே கருதினார். ஆனால் இவர்களுள் ஒருவரும் அதனைப் பகிரங்கமாகக் கூற முன்வரவில்லை. பெரியவரோடு ஏன் வாதம் என்று இருந்துவிட்டனர். 1942இலேயே டிராக் முதலிய மூவர் எடிங்டனின் வாதத்திலுள்ள தவறை எழுத்தில் எடுத்துக் காட்டினர். ஏழாண்டுகள் கழிந்தன. ஓர் இளைஞனின் வாழ்வில் ஏழாண்டு சிறிதன்று.

ஒதுங்கியும் ஓயாமை

1936இற் சந்திரசேகர் தாயகம் வந்து, கல்லூரியில் உடன் பயின்ற லலிதா துரைசுவாமி என்னும் பெண்மணியை மணந்தார். 1937 ஜனவரியில் இருவரும் அமெரிக்கா சென்றனர். சிக்காகோ சர்வகலாசாலைக்குரிய யேர்க்ஸ் வானோக்கு நிலையத்தில் அவர் வேலையேற்றார். அம்மையாரும் பௌதிகம் கற்றவரே. எனினும் தமது ஆராய்ச்சி ஆசையை விடுத்துக் கணவரின் வாழ்வுக்குத் துணையாய் நின்றார். அத்தியாகத்தைக் குறிப்பிடாது அவரது வரலாறு நிறைவுறாது.

இனி எடிங்டனோடு மேடைதோறும் வாதிட்டு வாழ்நாளைக் கழிப்பதா? பணிந்து தம் முடிவைக் கைவிடுவதா? சந்திரசேகர் இரண்டையும் செய்தாரில்லை. தம் ஆராய்ச்சி முழுவதையும் 1939இல் நட்சத்திர அமைப்பைப் பற்றிய நூலாக எழுதி வைத்தார். அவ்வளவில் அத்துறையை விட்டு வேறொன்றிற் புகுந்தார். அன்றுதொட்டு அதுவே அவரது வாழ்க்கை முறையாயிற்று. ஒரு துறையைப் பத்தாண்டளவு ஆழ்ந்து கற்பார். அதனை முற்றுவித்து ஒரு பெருநூல் எழுதுவார். பின் அதனை விட்டு மாணவனைப்போல் புதிய துறையிற் புகுவார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளி வாயுக்களினூடே செல்லும் முறை, பாய்பொருள்களின் உறுதி, சுழலும் கோளங்களின் உருவம் என நூல்கள் தொடர்ந்தன. 1983இல், தம் 73ஆம் வயதை எட்டும் காலத்தில், கருந்துளைகளின் கணிதம் பற்றிய நூல் வெளிவந்தது. ஒளியும் வெளியேற இயலாத பொருளென்று 1935இல் நகைக்கப்பட்டது எதுவோ, அதுவே அந்நூலின் பொருளாயிற்று.

ஆசிரியராகவும் அவர் சிறந்தார். யேர்க்ஸிலிருந்து சுமார் 80 மைல் தாமே மோட்டார் ஓட்டிச் சிக்காகோவுக்குச் சென்று பாடஞ்சொன்னார். அங்கே அவரிடம் பயின்ற லீ, யாங் என்னும் சீன இளைஞர் இருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றனர். மாணவர் பெற்ற பரிசு ஆசிரியருக்குக் கிடைக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின. 1952 முதல் 1971 வரை வானபௌதிகச் சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று, அதனை உலகின் முதன்மையான ஏடாக்கினார். 1953இல் அமெரிக்கப் பிரசையானார். அதே ஆண்டில், முன்னர் அவரைக் கண்டு நகைத்த றோயல் வானசாஸ்திர சங்கம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. இந்திய அரசாங்கம் 1968இற் பத்மவிபூஷண் விருதளித்தது.

எடிங்டனை அவர் பகைத்தாரா என்றால் இல்லை. இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்தும் நட்பும் நீடித்தன. 1944இல் எடிங்டன் இறந்தபோது சிக்காகோவில் இரங்கலுரை நிகழ்த்தி அவரது பெருமையைப் போற்றினார். 1982இல் எடிங்டனின் நூற்றாண்டை முன்னிட்டுக் கேம்பிரிட்ஜில் நினைவுச் சொற்பொழிவுகள் ஆற்றியவரும் சந்திரசேகரே. அவற்றில் எடிங்டனைத் தம் காலத்துத் தலைசிறந்த வானபௌதிகர் என்று மதித்தார். தவறிய இடத்தையும் மறையாது காட்டினார்.

1983 ஒக்டோபர் 19ஆம் திகதி, அவருடைய 73ஆவது பிறந்தநாளன்று, வில்லியம் பவுலர் என்னும் அமெரிக்க அறிஞருடன் பகிர்ந்து நோபல் பரிசு பெறுகிறார் என்ற செய்தி வெளியாயிற்று. 1995 ஓகஸ்ட் 21ஆம் திகதி சிக்காகோவிற் காலமானார். அவ்வாண்டிலும் நியூட்டனின் பெருநூலுக்கு விளக்கமாக அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1999 ஜூலையில் அமெரிக்கர் விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா எனப் பெயரிட்டனர்.

எல்லையின் பயன்

அன்று அபத்தமெனப்பட்ட எல்லை இன்று வானவியலின் அளவுகோல்களுள் ஒன்று. தொடக்கத்திற் சூரியனைப்போல் எட்டு மடங்களவு திணிவுள்ள நட்சத்திரங்களும் முதுமையில் தம் பாரத்தைப் பெரும்பாலும் வீசிவிட்டு, எல்லைக்குட்பட்ட வெண்குள்ளன்களாகவே முடிகின்றன. நமது பால்வீதியிலுள்ள நட்சத்திரங்களுள் நூற்றுக்கு 97 இவ்வாறே முடியும் எனக் கணித்துள்ளனர். திருவாதிரை போன்ற மிகப் பெரியவை மட்டும் அவ்வாறு அமைதியடைய மாட்டா. அவற்றின் நடு எல்லையை மீறிக் குலைந்து, நட்சத்திரம் பெருவெடிப்பாய் முடியும். எஞ்சுவது நியூத்திரன் கோளமாகவோ கருந்துளையாகவோ ஆகும்.

வெண்குள்ளனுக்கு அருகே துணை நட்சத்திரம் இருந்து, அதன் பொருளைக் கவர்ந்து எல்லையை நெருங்கினால், காபன் ஒருங்கே எரிந்து வெண்குள்ளன் முழுதும் வெடித்துச் சிதறும். இவ்வெடிப்புகளின் ஒளியைக் கொண்டே தூரத்தை அளந்து, அண்டம் வரவர விரைந்து விரிகிறது என்பதை 1998இற் கண்டறிந்தனர். அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதிய நட்சத்திரங்கள் வீசியெறிந்த பொருள் வீணாவதுமில்லை. அதிலிருந்து புதிய நட்சத்திரங்களும் கோள்களும் பிறக்கின்றன. நமது உடம்பிலுள்ள காபனில் பெரும் பங்கு முன்னொரு காலத்துச் செவ்வரக்கர்களின் வயிற்றில் உண்டானது. இரும்பிலும் பாரமான மூலகங்களிற் பாதியளவும் அத்தகைய முதிய நட்சத்திரங்களில் விளைந்தவையே. தன்னிடமுள்ளதை ஈந்துவிட்ட நட்சத்திரம் அமைதியடைகிறது என்றும், ஈயாது எல்லைமீறிச் சேர்த்தது குலைகிறது என்றும் நம் பெரியோர் உவமை சொல்லக்கூடும். ஆயினும் விஞ்ஞானத்தை உவமைக்காகத் திரித்தல் நன்றன்று. உவமையை உவமையாகவே கொள்க.

நாம் கற்க வேண்டியது

சந்திரசேகரைச் சமயத்துக்கு அணிகலனாகக் காட்டும் எண்ணம் நமக்கில்லை. அவர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். அப்படியாயின் இந்து வாலிபர் மலரில் அவருக்கு இடம் ஏன் எனச் சிலர் வினவலாம். புராணம் படித்துப் பயன்சொல்லும் மரபுடைய நாட்டினர் நாம். பாட்டிற் குற்றங்கண்ட நக்கீரர், எதிரே நிற்பவர் இறைவரே என்று அறிந்தபின்னும் தாம் கண்டதை மறைக்காத வரலாற்றைக் கேட்டே வளர்ந்தோம். மிஷன் பாடசாலையிற் படித்த எம்போன்றோர், பூமி சுற்றுகிறது என்றதற்காகத் தண்டிக்கப்பட்ட கலிலியோவின் வரலாற்றை அங்கே கற்றோம். இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்வன. அப்பாடத்தை வாழ்ந்து காட்டியவரை எம்மதத்தாரும் போற்றலாம்.

இளைஞர் அவரிடம் கற்க வேண்டியது இது. கண்ட உண்மையைப் பெரியவர் மறுத்தார் என்பதற்காகக் கைவிடல் ஆகாது. மறுத்த பெரியவரைத் தூற்றுதலும் ஆகாது. கணக்கைச் சரிபார்த்து எழுதிவைத்து, அடுத்த வேலையிற் புகுதல் வேண்டும். உண்மைக்குக் காலமே சாட்சி சொல்லும். பரீட்சையில் ஒருமுறை தவறினாலும், ஒரு சபையில் ஒருவர் நகைத்தாலும் வாழ்வே முடிந்ததென எண்ணும் நண்பர்கள் நம்மிடையே உளர். 1935 முதல் 1983 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

பெரியோரிடமும் பணிவுடன் ஒன்று விண்ணப்பிக்கின்றோம். எடிங்டன் தீயவரல்லர், கல்வியும் ஒழுக்கமும் நிறைந்தவர். அத்தகையவரும் இளைஞனின் கணக்கைப் பாராமல் தம் விருப்பத்தைப் பார்த்தார். அவரிலும் மேலாக எம்மனத்தை வருத்துவது, உண்மை தெரிந்தும் வாய்திறவாதிருந்த ஏனையோரின் மௌனமே. நமது வீடுகளிலும் சங்கங்களிலும் சபைகளிலும் இளையவனொருவன் எழுந்து, நடைமுறைக்கு மாறான ஒன்றைச் சொல்லும்போது, நகைக்குமுன் அவன் காட்டும் கணக்கைப் பாருங்கள். அவன் சொல்வது சரியெனக் கண்டால் தனியே அழைத்து முதுகில் தட்டுவதோடு நில்லாது, சபையிலும் எழுந்து சொல்லுங்கள்.

வருகின்ற மார்கழியில் விடியுமுன் கோயிலுக்குச் செல்லும்போது ஒருகணம் மேற்கே பார்ப்போம். மிருகவியாதனின் அருகே நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு வெண்குள்ளன், எரிதல் நின்றபின்னும் குலையாது நிற்கிறது. அது நிற்கும் காரணத்தையும், நிற்க முடியாத எல்லையையும் கணக்கிட்டுச் சொன்ன சென்னை மாணவரை அப்போது நினைவுகூர்வோம்.